ஆளுக்கொரு அணுகுண்டு

கொடுத்துவிடலாம். இதில் இவ்வளவு யோசனை எதற்கு? ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2025 ஜனவரியில் உலகத்தில் இருந்த அணுகுண்டுகள் 12,241. ஐ.நா. உறுப்பு நாடுகள் 193. வகுத்தால் நாட்டுக்கு 63. நாயன்மார் கணக்கு, ராசியான எண். மிச்சம் விழுகிற எண்பது சொச்சத்தைப் பாதுகாப்புச் சபையின் வாசலில் தோரணம் கட்டிக்கொள்ளட்டும்.

எல்லா நாடும் அணுகுண்டு வைத்துக்கொள்ளலாமா என்று யாராவது கேட்டால் வல்லரசுகள் முகம் சுளிக்கின்றன. ஏன் சுளிக்க வேண்டும்? எண்பது வருடமாக மூன்றாம் உலகப் போர் வராமல் காத்தது அணுகுண்டுதான் என்று நமக்குப் பாடம் எடுத்தவர்கள் அவர்கள்தானே. குண்டு இருக்கிற நாட்டுப் பக்கம் எவனும் எட்டிப் பார்க்க மாட்டான் என்றால், அந்தப் பாக்கியத்தை ஒன்பது நாடுகள் மட்டும் பதுக்கி வைத்திருப்பது என்ன நியாயம்? பசிபிக் கடலில் நவுரு என்று ஒரு நாடு. பரப்பு 21 சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் 12,000 பேர். உலகத்துக் குண்டுகளை எல்லாம் கொண்டுபோய் அங்கே இறக்கினால் ஆளுக்கொன்று வரும், கைக்குழந்தை உட்பட. அவர்களுக்கு மட்டும் அமைதி வேண்டாமா?

சிரிப்பு வருகிறது அல்லவா? எனக்கு எரிச்சல் மூளுவதே அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான். நவுருக்காரன் கையில் குண்டு என்றால் கேலிக்கூத்து. டிரம்ப், புதின், கிம் ஜாங் உன் கையில் இருந்தால் அதற்குப் பெயர் தடுப்பாற்றல்.

இந்த உயர்குலத்தில் சேருவதற்கு என்ன தகுதி கேட்டார்கள் தெரியுமா? அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் 1968இல் கையெழுத்தாகி 1970 மார்ச்சில் அமலுக்கு வந்தது. அதன் ஒன்பதாவது பிரிவு சொல்கிறது: 1967 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பு குண்டு செய்து வெடித்துக் காட்டியதே அணு ஆயுத நாடு. அவ்வளவுதான். புத்தி நிதானம் கேட்கவில்லை. அண்டை அயலோடு ஒழுங்காக வாழ்ந்ததற்குச் சான்றிதழ் கேட்கவில்லை. முந்தி வெடித்தவன் பெரிய மனிதன், பிந்தி வெடித்தவன் ரவுடி. சீனா 1964 அக்டோபரிலேயே வெடித்திருந்தது, ஆகவே பெரிய மனிதன். உயிரோடு மனிதர்கள் இருந்த இரண்டு ஊர்களின் மேல் குண்டு போட்ட ஒரே நாடு அமெரிக்கா. குற்றப் பின்னணி பார்க்கிற வழக்கம் இருந்திருந்தால் முதல் விண்ணப்பமே தள்ளுபடி ஆகியிருக்க வேண்டும்.

அதே ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவில், ஆயுத ஒழிப்புக்காக நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்துவோம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஐம்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. வாய்தா மேல் வாய்தா. 1980களில் எழுபதாயிரத்தைத் தொட்ட எண்ணிக்கையைப் பன்னிரண்டாயிரமாகக் குறைத்துவிட்டோமே என்று பெருமை பேசுவார்கள். எரிந்த ஊரையே மறுபடி எரிக்க வேண்டியதில்லை என்ற சிக்கனம் தவிர அதில் வேறு கருணை எதுவும் இல்லை. அந்தச் சிக்கனமும் குண்டோடு சரி, பணத்தில் இல்லை. 2024இல் மட்டும் ஒன்பது நாடுகளும் சேர்ந்து இந்தக் குண்டுகளுக்காகப் பத்தாயிரம் கோடி டாலருக்கு மேல் கொட்டியிருக்கின்றன என்கிறது அணு ஆயுத ஒழிப்புக்கான சர்வதேச இயக்கமான ஐகேன்.

வல்லரசுகளைத் திட்டுவது சுலபம், சுகமும்கூட. நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

1974 மே 18. பொக்ரானில் குண்டு வெடித்தோம். புழு பூச்சியையும் கொல்லாதே என்றவரின் பெயரையே எடுத்து, அதற்குச் சிரிக்கும் புத்தர் என்று பெயர் வைத்தோம். அமைதி நோக்கத்துக்கான அணுவெடிப்பு என்று உலகத்துக்கு விளக்கம். அமைதிக்கு மட்டுமே பயன்படுத்துவோம் என்று வாக்குக் கொடுத்துக் கனடாவிடம் வாங்கிய உலையில் எடுத்த புளூட்டோனியம் அது. அடுத்த தடவை, 1998 மே 11. அன்று புத்த பூர்ணிமா. அந்த மனிதர் நமக்கு என்ன பாவம் செய்தாரோ. மேஜர் ஜெனரல் பிருத்விராஜ் என்ற மாற்றுப் பெயரில் ராணுவ உடுப்பு மாட்டிக்கொண்டு அப்துல் கலாம், மேஜர் ஜெனரல் நட்ராஜ் என்ற பெயரில் ஆர். சிதம்பரம். இருவரும் நம் ஊர்க்காரர்கள். தமிழன் வெடித்தான் என்று நமக்கு ஒரே பூரிப்பு. தெருவில் இனிப்பு கொடுத்தார்கள், வாங்கித் தின்றோம்.

அந்த வருடமே பா.ஜ.க. தலைவர் ஜஸ்வந்த் சிங் ஓர் அமெரிக்கச் சஞ்சிகையில் 'அணு ஆயுத நிறவெறி' என்று பொங்கினார். ஐந்து நாடுகளுக்கு ஒரு நீதி, மற்றவர்களுக்கு ஒரு நீதியா என்று கேட்டார். கேள்வி அப்பழுக்கில்லாத கேள்வி. கேட்டவர்கள் பின்னால் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2005 செப்டம்பரில் சர்வதேச அணுசக்தி முகமையில் ஈரானுக்கு எதிரான தீர்மானம் வந்தது. இந்தியா கை தூக்கியது ஈரானுக்கு எதிராக. 2008 செப்டம்பரில் அணுசக்தி வழங்கும் நாடுகளின் குழு நமக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தது. நாம் 1974இல் வெடித்ததைப் பார்த்துப் பயந்துபோய்த் தொடங்கிய குழு அது! அதற்குப் பிறகு நிறவெறி என்ற சொல் தில்லியில் யார் வாயிலிருந்தும் வரக் காணோம். டவுன் பஸ்ஸில் படியில் தொங்குகிறவன், “உள்ளே தள்ளிப் போங்கப்பா, இடம் கிடக்குது” என்று கத்துவான். உள்ளே ஏறி நின்றதும் அடுத்த நிறுத்தத்தில் அவனே, “இடமில்ல, பின்னாடி வண்டி வருது” என்பான். தில்லி அந்த ஆள்தான்.

நமக்குப் பதினேழாம் நாள் பாகிஸ்தான் சாகாய் மாவட்டத்து மலையில் வெடித்தது. புல்லைத் தின்றாவது குண்டு செய்வோம் என்று 1960களில் பூட்டோ முழங்கியிருந்தார். அந்தப் புல்லை யார் தின்பது என்பது 1998 மே 28 அன்றுதான் தெரிந்தது. குண்டு வெடித்த கையோடு நெருக்கடி நிலையை அறிவித்து, ஜனங்கள் வங்கியில் போட்டு வைத்திருந்த வெளிநாட்டுப் பணக் கணக்குகளை முடக்கினார் நவாஸ் ஷெரீப். காசு போனால் என்ன, நகரங்களின் நாற்சந்திகளில் சாகாய் மலையின் மாதிரியைச் செய்து வைத்தார்களே, பார்த்துப் பசியாறலாம். அந்த வல்லரசு 2023இல் பன்னாட்டு நிதியத்தின் படியேறி நின்று முந்நூறு கோடி டாலர் கடன் வாங்கியது.

ஒன்று சொல்ல வேண்டும். எல்லா நாட்டுக்கும் குண்டு என்ற சமத்துவக் கொள்கையை வாயால் பேசாமல் காரியத்தில் காட்டிய ஒரே மகான் பாகிஸ்தானின் ஏ.க்யூ. கான்தான். ஈரானுக்கு, லிபியாவுக்கு, வடகொரியாவுக்கு என்று பேதம் பார்க்காமல் விற்றார். வழவழ தாளில் விளம்பரப் புத்தகமே அச்சடித்து வைத்திருந்தது அவருடைய ஆய்வகம். 2004 பிப்ரவரி 4ஆம் தேதி தொலைக்காட்சியில் தோன்றிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மறுநாள் முஷாரஃப் மன்னித்துவிட்டார். கோழி திருடினவனுக்குக்கூட ஜாமீன் கிடைக்க அதைவிட அதிக நாள் ஆகும்.

சரி, குண்டு வாங்கிய பிறகு எதிரி கிட்டே வரவில்லையா? 1999இல் கார்கில். இரு தரப்பிலும் குண்டு இருந்தது; ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் பிணமாகத் திரும்பினார்கள். 2020 ஜூன், கல்வான் பள்ளத்தாக்கு. இந்தப் பக்கம் அணுகுண்டு, அந்தப் பக்கம் சீனாவிடமும் அணுகுண்டு. எல்லையில் துப்பாக்கி எடுக்கக் கூடாது என்று உடன்பாடு இருந்ததால், உலகத்தின் ஜனத்தொகை மிகுந்த இரண்டு அணு வல்லரசுகளும் இரும்புத் தடியாலும் ஆணி அடித்த கட்டையாலும் கல்லாலும் இருட்டில் அடித்துக்கொண்டன. நம் பக்கம் இருபது பேர் செத்தார்கள். 1982இல் அர்ஜென்டினா, குண்டு வைத்திருந்த பிரிட்டனின் ஃபாக்லாந்துத் தீவுகளில் கொடி நட்டது. 2024 ஆகஸ்டில், குண்டே இல்லாத உக்ரைனின் படை, உலகத்திலேயே அதிகக் குண்டு வைத்திருக்கிற ரஷ்யாவின் கூர்ஸ்க் மண்ணுக்குள் புகுந்து உட்கார்ந்தது. எட்டிப் பார்க்க மாட்டான் என்றார்களே!

ஆனாலும் ஒரு வாதத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை. உக்ரைன் 1994 டிசம்பரில் புடாபெஸ்ட்டில் கையெழுத்துப் போட்டு, தன் மண்ணில் இருந்த சோவியத் குண்டுகளை ஒப்படைத்தது. உன் எல்லையை மதிப்போம் என்று ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் எழுதிக் கொடுத்தன. எழுதிக் கொடுத்த ரஷ்யாவே 2014இல் கிரிமியாவைப் பிடுங்கியது, 2022இல் மொத்த நாட்டின் மேலும் பாய்ந்தது. லிபியாவின் கடாஃபி 2003இல் தன் அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிட்டார். 2011இல் கழிவுநீர்க் குழாய்க்குள்ளிருந்து இழுத்துப்போட்டுக் கொன்றார்கள். ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லி அமெரிக்கர்கள் நுழைந்தார்கள். இல்லாததால்தான் நுழைய முடிந்தது. ஈரான் 2015இல் உடன்பாட்டுக்கு வந்து ஆய்வாளர்களுக்குக் கதவைத் திறந்தது. 2018இல் டிரம்ப் அதைக் கிழித்தெறிந்தார், 2025 ஜூனில் அந்த நாட்டின் ஃபோர்டோ அணு நிலையத்தின் மேல் குண்டு விழுந்தது. வடகொரியா மட்டும் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறி ஆறு தடவை வெடித்துக் காட்டியது. அதன் தலைவர் கிம்மைத் தேடிச் சிங்கப்பூர், ஹனோய், பன்முன்ஜோம் என்று மூன்று தடவை வந்து கைகுலுக்கினார் அதே டிரம்ப்.

இதைப் பார்க்கிற ஒரு சின்ன நாட்டுக்காரன் என்ன நினைப்பான்? அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குண்டு இல்லாதவனை மிதிப்பது, இருக்கிறவனிடம் குழைவது. இதை அன்றாடம் செய்து காட்டிவிட்டு, பரவல் ஆபத்து என்று ஜெனீவாவில் கண்ணீர் விடுகிறார்களே, அந்த அயோக்கியத்தனத்துக்கு எந்த ஒப்பந்தத்தில் தடை இருக்கிறது?

ஆகவே கொடுத்தே விட்டோம் என்று வைத்துக்கொள்வோம், 193 நாட்டுக்கும். யார் பார்த்துக்கொள்வது? இருப்பதிலேயே பணக்கார நாடு எப்படிப் பார்த்துக்கொண்டது என்பதைக் கேளுங்கள். 1980 செப்டம்பர் 18 மாலை, ஆர்கன்சாஸ் மாநிலத்தில் டமாஸ்கஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஏவுகணைக் கிணறு. பராமரிப்புப் பணியில் இருந்த சிப்பாயின் கருவியிலிருந்து சாக்கெட் ஒன்று கழன்று விழுந்தது. பைக் மெக்கானிக் கையிலிருந்து தினமும் நாலு தடவை விழுகிறதே, அந்தச் சாக்கெட்டின் பெரிய அண்ணன். விழுந்த வேகத்தில் ஏவுகணையின் எரிபொருள் தொட்டியில் ஓட்டை போட்டது. ராத்திரி முழுக்க எரிபொருள் கசிந்தது. விடிவதற்குள் ஏவுகணை வெடித்தது. ஒருவர் செத்தார். கிணற்றை மூடியிருந்த நூற்றுக்கணக்கான டன் கதவு பறந்தது. ஏவுகணைத் தலையில் இருந்த ஒன்பது மெகாடன் ஹைட்ரஜன் குண்டு எகிறிப்போய் வெளியே விழுந்தது. அது வெடிக்கவில்லை, நாம் இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

2007 ஆகஸ்டில் வடக்கு டகோட்டாவின் மைனாட் விமானத்தளத்தில் வெற்று ஏவுகணைகள் என்று நினைத்து ஆறு அணு ஏவுகணைகளை விமானத்தில் மாட்டி அமெரிக்காவின் மறுகோடிக்கு அனுப்பினார்கள். ஒன்றரை நாள் அவற்றைக் காணோம் என்று ஒருவருக்கும் தெரியாது. ரேஷன் கடையில் ஆறு மூட்டை குறைந்தால் அன்று மாலையே தெரிந்துவிடும். நாமும் சளைத்தவர்கள் இல்லை. 2022 மார்ச் 9 அன்று, பராமரிப்பின்போது தவறுதலாக நம் ஏவுகணை ஒன்று கிளம்பிப் பாகிஸ்தானின் மியான் சன்னு என்ற ஊரில் போய் விழுந்தது. நல்ல வேளை, அதில் வெடிபொருள் இல்லை. எதிர்ப்பக்கத்தில் இருந்தவன் பதற்றக்காரனாக இல்லாமல் போனதும் நல்ல வேளைதான். மூன்று விமானப்படை அதிகாரிகளை வேலையைவிட்டு நீக்கினார்கள். முடிந்தது கதை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பாலோமரஸ். ஸ்பெயினின் தெற்குக் கரையில் தக்காளி விளைகிற கிராமம். 1966 ஜனவரி 17 காலை, வானத்தில் எரிபொருள் நிரப்பும்போது இரண்டு அமெரிக்க விமானங்கள் மோதி, நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் அந்த ஊர்ப் பக்கம் விழுந்தன. மூன்று தரையில், ஒன்று கடலில். தரையில் விழுந்ததில் இரண்டின் சாதாரண வெடிமருந்து வெடித்துப் புளூட்டோனியத் தூள் தக்காளித் தோட்டமெங்கும் பரவியது. கடலில் போனதைக் கண்டெடுத்து மேலே தூக்க ஏறக்குறைய எண்பது நாள். அதற்குள் பயணிகள் வராமல் சுற்றுலா படுத்துவிடுமே என்ற கவலையில், ஸ்பெயினின் சுற்றுலா அமைச்சரும் அமெரிக்கத் தூதரும் நீச்சல் கால்சட்டை போட்டுக்கொண்டு, பத்திரிகைக்காரர்கள் படம் பிடிக்க, கடலில் இறங்கிக் குளித்துக் காட்டினார்கள். ஆபத்தில்லை என்பதற்கு நிரூபணம் அதுதான்: இரண்டு பெரிய மனிதர்களின் நனைந்த தொப்பை. அப்புறம் ஆயிரம் டன்னுக்கு மேல் மண்ணைத் தோண்டிப் பீப்பாயில் அடைத்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றினார்கள்.

ஆனால் இவை தவறிப்போய் நடந்தவை. தெரிந்தே செய்ததைச் சொல்கிறேன். இந்தக் கனவான்கள் குண்டு சோதித்த இடங்களைப் பாருங்கள். பிரான்ஸ் தன் முதல் குண்டை 1960இல் வெடித்தது பாரிசுக்குப் பக்கத்தில் அல்ல, அல்ஜீரியாவின் சகாராவில். அல்ஜீரியா விடுதலை அடைந்த பிறகும் ஏறக்குறைய நான்கு வருடம் அங்கேயே வெடித்துவிட்டு, அடுத்துப் பாலினேசியாவுக்குப் போனது. பிரிட்டனுக்கு ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் மரலிங்கா. சோவியத்துக்குக் கசாக்கியரின் செமிபலாட்டின்ஸ்க், நாற்பது வருடத்தில் 456 சோதனைகள். சீனாவுக்கு உய்குர்களின் லோப் நூர். பாகிஸ்தானுக்கு பலூச் மண். வெர்சாய் தோட்டத்திலோ லண்டன் ஹைட் பார்க்கிலோ ஒரு தடவையாவது வெடித்துப் பார்த்திருக்கலாம். கதிரியக்கம் ஒன்றும் செய்யாது என்று அவர்கள்தானே சொன்னார்கள்.

அமெரிக்காவுக்கு மார்ஷல் தீவுகள் கிடைத்தன. 1946இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலய வழிபாடு முடிந்து வந்த பிகினித் தீவின் மக்களை உட்காரவைத்து, மனித குலத்தின் நன்மைக்காக ஊரைக் காலி செய்து தருவீர்களா என்று கடற்படை அதிகாரி கேட்டார். 167 பேர் பெட்டி படுக்கையோடு கிளம்பினார்கள். அந்தச் சம்மதக் காட்சியைத் திரும்பத் திரும்ப நடிக்கவைத்துக் கேமராவில் பிடித்தார்கள். 1958 வரை 67 குண்டுகள். 1954 மார்ச் 1 அன்று வெடித்தது, விஞ்ஞானிகள் எதிர்பார்த்ததைப் போல இரண்டரை மடங்கு பெரிதாகி 15 மெகாடன், ஏறக்குறைய ஆயிரம் ஹிரோஷிமா. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் ரோங்கலாப் தீவில் வானத்திலிருந்து வெள்ளையாகத் தூள் கொட்டியது. பவளப் பாறையின் சாம்பல். பிள்ளைகள் அள்ளி விளையாடினார்கள், நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் வாந்தி, தோல் எரிச்சல். அடுத்து முடி கொத்துக் கொத்தாகக் கழன்றது. இரண்டு நாள் கழித்துத்தான் கப்பல் வந்தது. மருத்துவர்களும் வந்தார்கள், ஆராய்ச்சிக் குறிப்பெடுக்க. மூன்றே வருடத்தில், ஊர் பத்திரம் என்று சொல்லி அதே மண்ணில் திரும்பக் குடியேற்றினார்கள். குண்டு வெடித்த அன்று ஒரு வயதுக் குழந்தையாக இருந்தவன் 1972இல் இரத்தப் புற்றில் செத்தான்.

அந்தத் தீவுக்காரர்கள் 2014இல் ஒரு காரியம் செய்தார்கள். ஆயுத ஒழிப்புப் பேச்சு என்ற கடமை என்ன ஆயிற்று என்று கேட்டு, ஒன்பது அணு நாடுகளின் மேலும் ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். நஷ்டஈடு கேட்கவில்லை. பேச்சு நடத்து என்று உத்தரவிடுங்கள் என்றுதான் கேட்டார்கள். ஆறு நாடுகள் வாசற்படிகூட மிதிக்கவில்லை. பிரிட்டன், இந்தியா, பாகிஸ்தான் மூன்றும் ஆட்சேபம் எழுப்பின: இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. 2016 அக்டோபர் 5 அன்று தீர்ப்பு. மார்ஷல் தீவுகளுக்கும் இவர்களுக்கும் இடையே தகராறு என்று ஒன்று இருந்ததாகவே நிறுவப்படவில்லை, ஆகவே தள்ளுபடி. 67 குண்டு விழுந்த ஊருக்குத் தகராறு இல்லையாம்! பிரிட்டன் மீதான வழக்கில் எட்டுக்கு எட்டு என்று சமமாக நின்றது. தலைமை நீதிபதியின் கூடுதல் வாக்கு தள்ளிவிட்டது. அவர் பிரான்ஸ்காரர். தள்ளச் சொன்ன எட்டு பேரில் ஆறு பேர் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா நாட்டவர்கள். அணுகுண்டு நாடுகளிலிருந்து வந்து அந்த அமர்வில் இருந்தவர்கள் மொத்தமே அந்த ஆறு பேர். சட்டம் தன் கடமையைச் செய்தது என்று நம்புவோம்.

அடுத்த வருடம், 2017 ஜூலை 7, ஐ.நா.வில் 122 நாடுகள் கூடி அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தை நிறைவேற்றின. குண்டு கொடு என்று அவர்கள் கேட்கவில்லை. எவனிடமும் இருக்கக் கூடாது என்றார்கள். நவுருவும் அதில் சேர்ந்தது. 2023இல் இலங்கையும் சேர்ந்தது. ஒன்பது நாடுகளில் ஒன்றுகூட மண்டபத்துக்குள் கால் வைக்கவில்லை. பேச்சுவார்த்தை தொடங்கிய நாளில், அமெரிக்கத் தூதர் பிரிட்டன், பிரான்ஸ் நாட்டவர்களைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே நின்று ஆட்சேபம் தெரிவித்தார். உலகத்தையே சாம்பலாக்கும் ஆயுதத்தை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் தர்ணா. நிறவெறி பற்றி முழங்கிய நம் நாடும் போகவில்லை.

எனவே எல்லா நாட்டுக்கும் உரிமை உண்டா என்று என்னைக் கேட்டால், 193க்கும் கிடையாது. ஒன்பதுக்கும் கிடையாது, அதில் நம்முடையதும் சேர்த்தி.

பொக்ரானில் குண்டு வெடித்த இடத்துக்குச் சில கிலோமீட்டர் தள்ளிக் கேத்தோலாய் என்று ஒரு கிராமம். 1998 மே 11 அன்று வீட்டுக்குள் இருக்காதீர்கள், வெளியே வந்து மர நிழலில் நில்லுங்கள் என்று ராணுவம் சொன்னது. வெடித்த பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தால் சுவரெல்லாம் விரிசல், தண்ணீர்த் தொட்டி விரிசல். அதற்குப் பிறகு ஊரில் புற்றுநோய் கூடிவிட்டது, கறவை மாடு நோகிறது என்று அந்த ஜனங்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கதிரியக்கம் வெளியே வரவில்லை என்பது அரசாங்கத்தின் பதில். வருடா வருடம் மே 11ஐத் தேசியத் தொழில்நுட்ப தினம் என்று கொண்டாடுகிறோம். அடுத்த தடவை யாராவது மேடையேறி அந்த வெற்றியைப் பேசும்போது, கேத்தோலாய்க்கு யார் போய்ப் பார்த்தது என்று எழுந்து நின்று கேளுங்கள்.